பனைக்குளத்து மஸ்தானும் திரையில் வந்த சுல்தானும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிட்லபாக்கத்தில் நம் வீட்டு மாடியில் அமர்ந்து, நம் ராத்தாவின் மகன் கைப்பேசியில் ஓர் இந்திப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. படம் முடிந்ததும் இறங்கி வந்தவன், "மாமா, இதுல வர்ற சுல்தான் மிர்சா உண்மையிலே நம்ம ராமநாதபுரத்து ஆளாமே! ஹாஜி மஸ்தானாமே! உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் வியப்பு இருந்தது. வியப்பைக் காட்டிலும் பெருமிதம் மிகுந்திருந்தது. அந்தப் பெருமிதமே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அவன் பார்த்த படம் 2010-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் மும்பை'. இயக்கியவர் மிலன் லூத்ரியா. எழுதியவர் ரஜத் அரோரா. சுல்தான் மிர்சாவாக நடித்தவர் அஜய் தேவ்கன். அவரிடம் தொழில் பயின்று, பின்பு அவரையே வீழ்த்துகிற ஷோயப் என்னும் இளைஞனாக வருபவர் இம்ரான் ஹாஷ்மி. ஹாஜி மஸ்தானின் குடும்பத்தார் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்ததால், கதை எவரையும் குறிப்பதன்று என்ற அறிவிப்போடுதான் படம் திரைக்கு வந்தது. ஆயினும் பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட முடியுமா? துறைமுகக் கூலியாக இருந்தவர், தங்கம் கடத்திப் பெருஞ்செல்வர் ஆனவர், வெள்ளை உடையை விட்டு வேறுடை அணியாதவர், நடிகை ஒருவரை மணந்தவர், பின்னர் அரசியலை நாடியவர் என்று அடையாளங்கள் அத்தனையும் பொருந்தியிருக்க, பார்க்கிற எவரும் பெயரைத் தேடிக்கொண்டிருக்கப் போவதில்லை. நம் மருமகனும் தேடவில்லை.

ஹாஜி மஸ்தான் 1926-இல் இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்தவர். வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அண்மையில், அழகன்குளத்தை அடுத்து இருக்கும் கடற்கரை ஊர் அது. ரோமாபுரியோடு வாணிகம் நடந்ததற்கான பானை ஓடுகள் அழகன்குளத்து மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன என்றால், அந்தக் கரைக்கும் கடலுக்கும் உள்ள உறவு எத்தனை பழையது என்பது விளங்கும். எட்டு வயதில் தந்தையோடு பம்பாய் சென்ற சிறுவன், கிராஃபோர்டு மார்க்கெட் அருகே சைக்கிள் பழுது பார்க்கும் சிறு கடையில் தந்தைக்குத் துணையாக இருந்தான். 1944 வாக்கில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கூலியானான். அங்கேதான் வெளிநாட்டுச் சரக்கும் தங்கமும் சுங்கத்தின் கண்ணுக்குத் தப்பிக் கரையேறும் வழிகள் அவனுக்குப் பழக்கமாயின. டாமனைச் சேர்ந்த சுகுர் நாராயண் பாகியாவோடு கூட்டுச் சேர்ந்தபின், கூலி மஸ்தான் கடத்தல் மன்னன் மஸ்தான் ஆனார். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைப்பட்டார். வெளியே வந்ததும், இனி இத்தொழில் வேண்டாம் என்று ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் உறுதி எடுத்துக்கொண்டார். 1980-களில் தலித் தலைவர் ஜோகேந்திர கவாடேயோடு சேர்ந்து ஓர் அரசியல் அமைப்பைத் தொடங்கினார். அது பெரிதாகத் தழைக்கவில்லை. 1994-இல் இயற்கையாகவே இறந்தார்.

வரலாறு இவ்வளவே. இனிப் படத்திற்கு வருவோம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். அஜய் தேவ்கனின் நடிப்பு தேர்ந்த நடிப்பு. இந்திப் படத்துக் கடத்தல்காரர் என்றால் உரக்கச் சிரிப்பார், மேசையில் குத்துவார், சுற்றிலும் அடியாட்களை நிறுத்திக்கொள்வார் என்று நாம் கண்டு பழகியிருக்கிறோம். இவரோ குரலை உயர்த்துவதே இல்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறார். பின்பு கண்ணைச் சற்றே தாழ்த்தி, அளந்தெடுத்தாற்போல் ஒரு வாக்கியம் சொல்கிறார். அதிகாரம் என்பது அதட்டலில் இல்லை, அமைதியில் இருக்கிறது என்பதை உடம்பாலேயே உணர்த்துகிறார். தாம் விரும்புகிற நடிகையின் முன் நிற்கும்போது மட்டும் அந்த அமைதிக்குள் ஒரு கூச்சம் எட்டிப் பார்க்கிறது. நடிகர் அதையும் மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார்.

வேறொன்றையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளாகத் திரையில் முஸ்லிம் பாத்திரம் என்றால் ஒன்று உயிரைக் கொடுக்கும் நண்பன், அல்லது கழுத்தில் தாயத்தும் கண்ணில் சுருமாவுமாக வரும் வில்லன். அந்த வரிசையில் சுல்தான் மிர்சா நிமிர்ந்து நிற்கிறார். தொழுகிறார், கொடுக்கிறார், பெண்ணை மதிக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால், கொடிய திருடன், நல்ல திருடன் என்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள் என்று நம்மிடம் நீட்டும்போது, நல்ல திருடன் கிடைத்தான் என்று மகிழ்வது நமக்கு அழகாகுமா? நேர்மையாய் உழைத்து வாழும் ஒரு முஸ்லிம் கதாநாயகனாக வருவதற்கு இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?

இந்த மனிதரின் கதையைத் திரையுலகம் கையாண்டது இது முதன்முறை அன்று. 1975 ஜனவரியில் யஷ் சோப்ரா இயக்கத்தில், சலீம் - ஜாவேத் எழுதிய 'தீவார்' வெளிவந்தது. அதில் அமிதாப் பச்சன் ஏற்ற விஜய் என்ற பாத்திரம் மஸ்தானின் வாழ்விலிருந்து ஓரளவு எடுத்தாளப்பட்டது என்பது அன்று முதல் பேசப்பட்டு வருவது. அதுவே 1981-இல் ரஜினிகாந்த் நடிக்கத் தமிழில் 'தீ' ஆயிற்று. அங்கே துறைமுகக் கூலியின் பெயர் மாறியது, மார்க்கம் மாறியது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: முதிய தொழிலாளி ரஹீம் சாச்சா பெருமையோடு சுட்டிக்காட்டும் அந்த 786 என்ற எண் பொறித்த வில்லை. பனைக்குளத்துக்காரரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டவர்கள், நன்றிக்கடனாக ஒரு வில்லையை மட்டும் சட்டைப்பையில் விட்டு வைத்தார்கள் போலும்!

ஆயினும் அமிதாப் பச்சனிடம் இருந்த ஒன்று அஜய் தேவ்கனிடம் இல்லை. அது கூலியின் உடம்பு. இடுப்பில் முடிச்சிட்ட நீலச் சட்டையும் தோளில் கிடக்கும் கயிறுமாக விஜய் கப்பல்துறையில் நடந்து வருகையில், இவன் மூட்டை தூக்கியவன் என்பதை நாம் நம்புகிறோம். பின்னால் அவன் உயர்ந்த மாளிகையில் நல்லுடை தரித்து நின்றாலும், அந்தத் தோள் நம் நினைவை விட்டு அகல்வதில்லை. சுல்தான் மிர்சாவின் சிறு வயதோ விரைந்து கடந்து போகிறது. சென்னையில் வந்த வெள்ளத்தில் வீட்டை இழந்து பம்பாய்க்கு வந்த சிறுவன் என்று ஒரு முன்கதை. சைக்கிள் கடை இல்லை. கூடவே இருந்த தந்தை இல்லை. வளர்ந்து திரையில் தோன்றும்போது அவர் பிறவியிலேயே வெள்ளுடை தரித்தவர் போல் தோன்றுகிறார். அந்தக் கை ஒருகாலத்தில் கொக்கி பிடித்து மூட்டை இழுத்த கை என்பதற்கு நடையிலோ, அமர்வதிலோ, உண்பதிலோ ஓர் அடையாளமும் இல்லை. தமிழ் மண்ணின் சாயல் அவர் பேச்சில் அறவே படியவில்லை. ஆக, 1975-இல் உழைப்பாளியின் உடம்பை வைத்துக்கொண்டு பெயரை எடுத்துவிட்டார்கள்; 2010-இல் பெயரின் சாயலைக் கொடுத்து உடம்பை எடுத்துவிட்டார்கள். ஊரை இரண்டு முறையும் கொடுக்கவில்லை.

இது நடிப்பைப் பற்றிய குறை மட்டுமன்று. உழைப்பு மறைந்தால் குற்றத்தின் தொடக்கமும் மறைந்துவிடுகிறது. நாளெல்லாம் சுமந்தும் கை நிறையாத ஒரு கூலியின் முன், ஒரு சிறு பொட்டலத்தை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்று ஆசை காட்டப்பட்ட அந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? எடுப்பதா, மறுப்பதா என்று அவன் உள்ளம் எப்படித் தவித்திருக்கும்? ஒரு மனிதனின் கதையில் அதைவிட முக்கியமான காட்சி வேறு என்ன இருக்க முடியும்? படத்தில் அந்த நாளுக்கு உரிய இடம் இல்லை.

அதற்கு மாற்றாகப் படம் நமக்குத் தருவது ஒரு வாதம். அரசாங்கம் எவற்றைத் தடுக்கிறதோ அவற்றைத்தான் கடத்துகிறேன். மனச்சாட்சி எவற்றைத் தடுக்கிறதோ அவற்றை நான் தொடுவதில்லை என்பது சுல்தானின் வாதம். அரங்கில் கைதட்டல் பெற்ற இடம் இது. நம் மருமகனும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1963-இல் அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யலாகாது என்றது. பல்லாயிரம் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பு இழந்து தவித்தன. 1968-இல் அது சட்டமாயிற்று. 1990-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. வெளிநாட்டில் மலிவு, உள்நாட்டில் விலை மிகுதி, நடுவில் தடை என்றால் கள்ளத் தோணி வரத்தான் செய்யும். ஒருநாள் குற்றமாக இருந்தது மற்றொருநாள் வாணிகமாகிவிடுமானால், சுல்தானின் மனச்சாட்சி வாதத்திற்கு ஓரளவு இடமுண்டு.

ஆனால் தோணியில் வருவது தங்கம் மட்டுமா? தங்கம் கரையேற வேண்டுமானால் சுங்க அதிகாரியின் கண்ணை மூட வேண்டும். காவலரின் கையை நனைக்க வேண்டும். சாட்சி சொல்பவரின் வாயை அடைக்க வேண்டும். ஒருமுறை மூடப் பழகிய கண், அடுத்த தோணியில் வருவது என்ன என்று திறந்து பார்க்குமா? 1993 மார்ச் 12-ஆம் நாள் பம்பாயில் தொடர் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டனர். அந்த வெடிமருந்து ராய்கட் மாவட்டக் கடற்கரையில், கடத்தல் சரக்கு இறங்கிப் பழகிய வழியில், கையூட்டு வாங்கிய அதிகாரிகளின் துணையோடு இறங்கியது என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. மஸ்தான் அதற்குப் பொறுப்பாளி என்று நாம் சொல்லவில்லை. அவர் அத்தொழிலை விட்டுப் பல்லாண்டு ஆகியிருந்தது. நாம் சொல்வது வழியைப் பற்றி. நல்லவர் வெட்டிய கள்ள வழியில் நல்லவர் மட்டுமே நடப்பார் என்பதற்கு எவர் பிணை நிற்க முடியும்?

இதில் நம்மை வியக்கச் செய்வது, படமே இந்தத் திறவுகோலைக் கையில் வைத்திருக்கிறது என்பதுதான். 1993-ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பால் மனம் உடைந்த காவல் அதிகாரி ஒருவர், தமது தவற்றை நினைத்து வருந்தித் தற்கொலைக்கு முயல்வதில்தான் கதை தொடங்குகிறது; அவர் வாய்மொழியாகவே விரிகிறது. ஷோயப்பை வளர விட்டுவிட்டேனே என்று அவர் வருந்துகிறார். சுல்தானை வளர விட்டதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. மாறாக, சுல்தானைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் மரியாதை கூடுகிறது. கதவைத் திறந்தவரைப் புகழ்ந்துவிட்டு, திறந்த கதவு வழியே வந்தவனை மட்டும் இகழ்வது என்ன நியாயமோ!

ஷோயப் என்ற பாத்திரம் படைக்கப்பட்டிருப்பதே இதற்காகத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. கடையில் எடைக்கல் குறைந்திருந்தால் சரக்கு கனமாகத் தோன்றும். சுல்தானை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் நேர்மையான ஒரு மனிதனை வைத்திருந்தால் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? அப்படி வைக்க ஆள் இல்லாமலும் இல்லை. ஷோயப்பின் தந்தையே காவல்துறையில் பணி செய்யும் நாணயமானவர். ஆனால் அவரைச் சுல்தானுக்கு எதிரே நிறுத்திப் படம் எடை போடவில்லை. ஷோயப்பை நிறுத்துகிறது. பேராசையும் இரக்கமின்மையும் நிறைந்த ஒருவன் பக்கத்தில் நின்றால், யார்தான் உத்தமராகத் தெரிய மாட்டார்? அஜய் தேவ்கனின் அமைதியான நடிப்பும், இம்ரான் ஹாஷ்மியின் துடிப்பான நடிப்பும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும்படி அமைந்திருப்பதால், இந்த எடைமோசம் பார்க்கிறவர் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. நடிப்பின் வெற்றி இங்கே நியாயத்தின் தோல்வியாகிவிடுகிறது.

சுல்தானின் கொடைத்தன்மையைப் படம் விரிவாகக் காட்டுகிறது. ஏழைகள் சூழ்ந்து வாழ்த்துகிறார்கள். விலக்கப்பட்ட வழியில் ஈட்டிய பொருளைக் கொண்டு செய்யும் தருமத்தின் மதிப்பு என்ன என்பதை நம் பிள்ளைகள் மதரசாவில் ஓதும் வயதிலேயே கேட்டிருக்கிறார்கள். நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் ஊர்களில், பணம் எந்த வழியில் வந்தது என்று கேளாமல், கொடுத்த கையை மட்டும் பார்த்து மாலை போடும் வழக்கம் இன்றும் உண்டு என்பதை மறைப்பானேன்? அந்த வழக்கத்திற்குத் திரையில் பூசிய வண்ணம்தான் சுல்தான் மிர்சா.

முடிவுக்கு வருவோம். படத்தில் சுல்தான், அரசியல் கூட்டத்தில் மக்கள் முன்னிலையில் ஷோயப்பின் குண்டுக்கு இரையாகிறார். உண்மையில் மஸ்தானுக்கு அப்படி ஒரு முடிவு நேரவில்லை. அவர் சிறையிலிருந்து மீண்டபின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். பழைய புகழ் தேய்ந்தது. தொடங்கிய அமைப்பு வளரவில்லை. தாம் வாழ்ந்த நகரம் தம்மைவிடக் கொடியவர்களின் கைக்குப் போவதைக் கண்ணால் கண்டார். 1993-ஐயும் கண்டுவிட்டுத்தான் கண்மூடினார். வருந்தினாரா? எதற்காக வருந்தினார்? செல்வத்தைக் கொண்டு மதிப்பை வாங்க முடியாமற் போனதைப் பற்றி என்ன நினைத்தார்? ஒரு கலைஞன் தேடிப் புக வேண்டிய இடம் இந்தப் பதினேழு ஆண்டுகள் அல்லவா? குண்டு பாய்ந்தவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. தியாகியாகிவிட்டவரிடம் எவரும் வரவு செலவு கேட்பதில்லை. முதுமையைக் காட்டியிருந்தால் கேட்டிருப்பார்கள். அஜய் தேவ்கனைப் போன்ற ஒரு நடிகருக்கு, கேட்க ஆளின்றித் தனித்திருக்கும் ஒரு முதியவராக நடிக்கும் வாய்ப்பைப் படம் கொடுக்காமற் போனது அவருக்கும் இழப்பு, நமக்கும் இழப்பு.

ஒப்பு நோக்குவதற்கு நம் தமிழிலேயே ஒரு படம் இருக்கிறது. பம்பாய் வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவி 1987-இல் மணிரத்னம் எடுத்த 'நாயகன்'. அதிலும் புகழ்ச்சி உண்டு; அதிலும் நாயகன் குண்டுக்குத்தான் பலியாகிறான். ஆனால் அதற்குமுன் அவன் முதுமையடைகிறான். மனைவியை இழக்கிறான், மகனை இழக்கிறான், மகள் வெறுத்துப் பிரிகிறாள். கடைசியில், நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது, கமல்ஹாசனின் முகத்தில் விடை தெரியாத தவிப்பு ஓடுகிறது. அந்தத் தவிப்பினால்தான் படம் மேன்மை பெறுகிறது. சுல்தான் மிர்சாவைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு குழந்தையும் படத்தில் இல்லை. அதனால் அவர் தவிக்கவும் இல்லை.

இவ்வளவையும் மருமகனிடம் நாம் அன்றே சொல்லிவிடவில்லை. பிள்ளைகளிடம் சொற்பொழிவாற்றினால் காதில் ஏறாது என்பது நமக்குத் தெரியும். "உன் நன்னாவின் தோளைப் பார்த்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டோம். நம் அத்தா இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து இளம் வயதில் புறப்பட்டு வந்து, பல்லாவரத்துத் தோல் கூடம் ஒன்றில் ஈரத் தோல்களைக் கட்டுக் கட்டாகச் சுமந்தவர். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே தோல் பதனிடும் தொழிலால் வந்ததன்றோ! பிற்காலத்தில் சிறு கடை வைத்து, எங்களைப் படிக்க வைத்து, சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் இந்த இடத்தை வாங்கினார். அவருடைய வலத்தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. மௌத்தாகும் வரை அது கரையவில்லை.

"ஆமா மாமா, சின்னப் பிள்ளையிலே தொட்டுப் பார்த்திருக்கேன். கல்லு மாதிரி இருக்கும்" என்றான் அவன்.

இராமநாதபுரத்துக் கரையிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் பம்பாய்க்கும் சபர் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, மணியார்டர் சீட்டையும் கடிதத்தையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, காய்த்த தோளோடு திரும்பி வந்தவர்கள் அவர்கள். அவர்களிலே ஒருவர் வழி தவறினார். அவரைப் பற்றி இரண்டு மொழிகளில் படம் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி இல்லை.

அன்றிரவு மருமகன் மறுபடியும் மாடிக்குப் போகவில்லை. நன்னாவின் பழைய புகைப்படம் எங்கே இருக்கிறது என்று அவன் தன் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தது நம் காதில் விழுந்தது.